பக்கத்து பெஞ்சின் பலம்

2000களின் தொடக்கத்தில், வேல்ஸிலும் மேற்கு இங்கிலாந்திலும் 30 பள்ளிகளில் 12, 13 வயது மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் மூன்று கேள்விகள். உன்னோடு படிப்பவர்களில் நீ மதிப்பது யாரை? விளையாட்டிலோ கூட்டு வேலைகளிலோ முன்னே நின்று நடத்துவது யார்? யாரைப் போல இருக்க வேண்டும் என்று உனக்கு ஆசை? மாணவர்கள் பெயர்களை எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

எந்தப் பெயர் எத்தனை தாளில் வந்திருக்கிறது என்று எண்ணி, மேலேயிருந்து 17.5% பேரை அழைத்தார்கள். சிலருக்கு விருப்பம் இருக்காது, சிலருக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. அவர்கள் போக, அந்த ஆண்டு மாணவர்களில் 15% பேராவது மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. பட்டியலைப் பார்த்த ஆசிரியர்கள் சிலருக்குத் தயக்கம். அவர்கள் தேர்ந்தெடுத்திருந்தால் முதல் மதிப்பெண் வாங்குபவர்களும் கையெழுத்து அழகாக இருப்பவர்களும் வந்திருப்பார்கள். மாணவர்கள் எழுதிய பட்டியலில் கடைசி வரிசைக்காரர்களும் இருந்தார்கள். சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களையும் விலக்கவில்லை. விட முயல்வதாகச் சொன்னால் போதும்.

அந்தச் சின்ன வயதுக்காரர்கள் பத்தே வாரங்களில் செய்த வேலை, சக மாணவர்களின் செல்வாக்கைப் பற்றி நாம் நெடுநாளாகச் சொல்லிவரும் ஒரு முடிவை மறுபரிசீலனை செய்ய வைக்கிறது. பிள்ளை கெட்டுப்போனால் “சேர்க்கை சரியில்லை” என்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கெடுக்கும் அளவுக்கு வலிமையுள்ள ஒரு விசையால் காக்கவும் முடியும். எப்போது முடியும், யாரால் முடியும், எப்போது முடியாது என்று ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் பயிற்சி, பத்து வாரப் பேச்சு

இந்தச் சோதனைக்கு ‘அசிஸ்ட்’ என்று பெயர். 59 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 29 பள்ளிகளில் வழக்கமான சுகாதாரப் பாடம் மட்டும். மற்ற 30 பள்ளிகளில் அதோடு இந்தப் புதிய முறை. மொத்தம் 10,730 மாணவர்கள்.

தேர்வானவர்களுக்குப் பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. சிகரெட் உடலை என்ன செய்கிறது, காசை எப்படிக் கரைக்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் பயிற்சியின் பெரும்பகுதி பேசுவதைப் பற்றியது. பேச்சை எப்படித் தொடங்குவது, எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்து எப்படிக் கேட்பது, கருத்து மாறுபட்டால் சண்டையாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை நடித்துப் பழகினார்கள். மேடை, சுவரொட்டி, உறுதிமொழி எதுவும் கிடையாது. அடுத்த பத்து வாரங்கள் பள்ளிக்குப் போகும் வழியிலும் மதிய இடைவேளையிலும் பள்ளி விட்ட பிறகும் நண்பர்களோடு சாதாரணமாகப் பேச வேண்டும். பேசியதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகள் யாரிடம் பேசினார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் தனியாக விசாரித்தார்கள். ஏற்கெனவே பழக்கத்தில் ஊறியவர்களிடமும், சிகரெட்டையே அடையாளமாக வைத்திருக்கும் கூட்டத்திடமும் அவர்கள் அதிகம் போகவில்லை. ‘இவன் கேட்பான்’, ‘இவள் இன்னும் தொடங்கவில்லை’ என்று தோன்றியவர்களிடம் பேசியிருக்கிறார்கள். யாரும் சொல்லித்தராமலே, பயன் தரக்கூடிய இடத்தை அவர்களே கண்டுகொண்டார்கள்.

முடிவுகள் 2008-இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. ஒப்பீட்டுப் பள்ளிகளோடு பார்க்கும்போது, இந்தப் பள்ளிகளில் ஒரு மாணவர் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு விகிதம் திட்டம் முடிந்த கையோடு 25% குறைந்திருந்தது. ஓராண்டு கழித்து 23%, ஈராண்டு கழித்து 15%. காலம் போகப் போகப் பலன் தேய்கிறது. ஆனாலும் இரண்டே நாள் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் அரட்டை இரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்கிறது என்பது சாதாரணச் செய்தி இல்லை. வாழ்நாள் முழுக்கப் புகைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள். சிகரெட்டைத் தொடாமல் அந்த வயதைக் கடந்துவிட்டால் பிறகு தொடங்குவது அரிது.

நண்பன் பார்க்கும்போது மூளை

ஆசிரியர் சொன்னால் ஏறாதது நண்பன் சொன்னால் ஏன் ஏறுகிறது? அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல தொடக்கம். 306 பேர் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடினார்கள். மஞ்சள் விளக்கு எரியும். எந்த நொடியிலும் சிவப்பாகி எதிரே ஒரு சுவர் வந்து நிற்கலாம். நிறுத்தாமல் போனால் புள்ளி கூடும், நிறுத்தத் தாமதித்தால் மோதி எல்லாம் போகும். சிலரைத் தனியாக ஆடவிட்டார்கள். சிலரைச் சம வயதினர் இருவர் பக்கத்தில் இருக்கும்போது ஆடவிட்டார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் இதனால் மாற்றமே இல்லை. 13 முதல் 16 வயதுள்ளவர்களோ, தோழர்கள் பக்கத்தில் இருந்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்து ஓட்டினார்கள்.

2011-இல் ஸ்டைன்பெர்க்கின் குழு, இதே போன்ற விளையாட்டை ஆடுபவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பதின்வயதினரின் மூளையில் வெண்ட்ரல் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. பரிசை எதிர்பார்த்துத் துடிக்கும் பகுதி அது. பெரியவர்களிடம் அந்த எழுச்சி இல்லை. ஆபத்தை எடைபோட்டு நிறுத்தச் சொல்லும் முன்மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. அந்த வயதில் நண்பரின் ஒரு தலையசைப்பே பெரிய பரிசு.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பரிசுப் பகுதிக்கு நல்லது கெட்டது தெரியாது. பாராட்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். நெதர்லாந்தில் யோரின் வான் ஹோர்ன் குழுவினர் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு நாணயங்களைக் கொடுத்து, தனக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு என்று பிரிக்கச் சொன்னார்கள். குழுவுக்குக் கொடுப்பதைச் சம வயதினர் பாராட்டியபோது பிள்ளைகள் இன்னும் அதிகம் கொடுத்தார்கள். தனக்கே வைத்துக்கொள்வதைப் பாராட்டியபோது கை சுருங்கியது. 2016-இல் வெளியான இந்த ஆய்வைக் கார் விளையாட்டோடு சேர்த்து வாசித்தால், சேர்க்கை ஏன் கெடுக்கிறது என்பதும் ஏன் காக்கிறது என்பதும் ஒரே காரணத்தில் வந்து முடிகின்றன.

யாரைப் பிடிப்பது, எத்தனை பேரைப் பிடிப்பது

மாணவர்களையே பெயர் எழுதச் சொன்னதற்குப் பின்னால் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு மற்ற நால்வரும் நண்பர்கள். அந்த நால்வருக்கும் மணியைத் தவிர வேறு நண்பர் கிடையாது. சராசரியாக ஒருவருக்கு 1.6 நண்பர்கள். இப்போது நால்வரிடமும் “உன் நண்பன் யார்?” என்று கேளுங்கள். நால்வரும் மணியைக் காட்டுவார்கள். மணிக்கோ நான்கு நண்பர்கள். யாருக்கு நண்பர்கள் அதிகமோ, அவர் பெயர்தான் அதிகம் பேரின் பட்டியலில் வரும். அதனால் நம்மில் பெரும்பாலோருக்கு, நம்மைவிட நம் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம். சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-இல் இதை நிறுவிக் காட்டினார்.

வேடிக்கைக் கணக்காகத் தோன்றும் இது ஹோண்டுராஸ் நாட்டின் 32 கிராமங்களில் உதவியது. நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ் குழுவினர் சத்து மாத்திரையையும் குடிநீரைச் சுத்திகரிக்கும் மருந்தையும் பரப்பப் பார்த்தார்கள். சில ஊர்களில் குலுக்கலில் வந்தவர்களிடம் கொடுத்தார்கள். வேறு சில ஊர்களில், குலுக்கலில் வந்தவர் சொன்ன நண்பரிடம் கொடுத்தார்கள். நண்பர் வழியாகப் போன ஊர்களில் சத்து மாத்திரை கூடுதலானவர்களைச் சென்றடைந்தது. ஊரின் முழு உறவு வரைபடத்தையும் வரையத் தேவையில்லை, “உன் நண்பர் யார்?” என்ற ஒரு கேள்வி போதும்.

ஆனால் செய்தி பரவுவது வேறு, பழக்கம் பரவுவது வேறு. நாளைக்கு விடுமுறை என்ற செய்தி ஒருவர் வாயிலிருந்து வந்தாலே வகுப்பு முழுக்கப் போய்விடும். நாளை முதல் காலையில் ஓடப்போகிறோம் என்பது அப்படிப் போகாது. ஒருவர் சொன்னால் சிரிப்போம். இரண்டாமவர் சொன்னால் யோசிப்போம். மூன்றாமவர் ஷூவைக் கட்டினால் நாமும் எழுந்துவிடுவோம். டேமன் சென்டோலா 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதைச் சோதித்துக் காட்டினார். 1,528 பேரை இணையத்தில் இரண்டு விதமான வலைப்பின்னல்களில் அமர்த்தி, ஒரு நலவாழ்வுத் தளத்தில் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று பார்த்தார். நண்பர்களுக்குள்ளும் நண்பர்களாக இருந்த நெருக்கமான பின்னலில் சுமார் 54% பேர் சேர்ந்தார்கள். தூரத் தொடர்புகள் நிறைந்த, சிதறிய பின்னலில் 38% பேர்தான். ஒரே செய்தி இரண்டு மூன்று நண்பர்களிடமிருந்து வந்தபோது சேருவோர் கூடினார்கள்.

‘அசிஸ்ட்’ வைத்த 15% இலக்கை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பள்ளிக்கு ஒரு ‘தூதர்’ போதாது. நாற்பது பேர் வகுப்பென்றால் ஆறு பேர் வேண்டும். அப்போதுதான் யார் எங்கே திரும்பினாலும் ஒருவராவது பக்கத்தில் இருப்பார்.

சென்னையில் நடந்தது

நம் ஊரிலும் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2004-இல் டெல்லியிலும் சென்னையிலும் 32 பள்ளிகளில் 6, 8-ஆம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு தொடங்கியது ‘மைத்ரி’ திட்டம். டெல்லியின் ‘ஹிருதய்’ அமைப்பும் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தியது. தொடக்கத்தில் எடுத்த கணக்கே அதிர்ச்சி தந்தது: எட்டாம் வகுப்பினரைவிட ஆறாம் வகுப்பினரிடம் புகையிலைப் பழக்கம் அதிகம். சிகரெட், பீடி மட்டும் இல்லை; குட்கா போன்ற மெல்லும் புகையிலையும் சேர்த்து. பழக்கம் இளைய தலைமுறைக்கு இன்னும் முன்கூட்டியே வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

திட்டம் நடந்த பள்ளிகளில் பாடவேளையை மாணவத் தலைவர்களே சிறு குழுக்களில் நடத்தினார்கள். ஆசிரியர்கள் உடனிருந்து உதவினார்கள். பள்ளியில் சுவரொட்டிகள், வீட்டுக்குப் பெற்றோர் பெயரில் அஞ்சலட்டைகள், பள்ளிக்கு வெளியே மாணவர்களே முன்னெடுக்கும் புகையிலை எதிர்ப்பு நடவடிக்கைகள். இரண்டாண்டு முடிவில், திட்டம் இல்லாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68% கூடியிருந்தது. திட்டம் நடந்த பள்ளிகளில் 17% குறைந்திருந்தது. இரண்டு வரிசைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் அதே இரு நகரங்களின் பிள்ளைகள். பள்ளி வாசல் பெட்டிக் கடைகளும் ஒன்றுதான். மாறியதில் முக்கியமானது, வகுப்புக்குள் யார் பேசினார்கள், எப்படிப் பேசினார்கள் என்பது.

பேசுபவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்று பிகாரின் நாளந்தா மாவட்டத்திலிருந்து வந்தது. உயர்நிலைப் பள்ளிகளில் ஒரே நலத் திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் அதே வட்டாரத்திலிருந்து இதற்கென்றே பயிற்சி பெற்று வந்த ஆலோசகர்களும் நடத்தினார்கள். 2018-இல் ‘லான்செட்’டில் வெளியான முடிவின்படி, ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் கேலி, அடிதடியும் குறைந்தன, பள்ளிச் சூழல் மேம்பட்டது. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. பாடம், தேர்வு, பதிவேடு என்று நிறைந்த கைகள் அவை. மதிப்பெண் போடுபவரிடம் மனம் திறப்பது பிள்ளைகளுக்கும் எளிதில்லை.

பயமுறுத்தாத பேச்சு

பேசுபவர் சரியாக இருந்தாலும் பேச்சு சரியாக இருக்க வேண்டும். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவிய ‘டேர்’ திட்டத்தில் சீருடைக் காவலர்கள் வகுப்புக்கு வந்து போதைப்பொருளின் தீமைகளை விளக்கினார்கள். கோடிக்கணக்கில் செலவாயிற்று. அதன் பழைய வடிவத்தைப் பல ஆய்வுகள் அலசிப் பார்த்தபோது, மாணவர்களின் போதைப் பழக்கத்தில் அது ஏற்படுத்திய மாற்றம் மிகச் சொற்பம்.

ஃபுளோரிடா வேறு வழியில் போனது. 1998-இல் அங்கே புகையிலை எதிர்ப்பு இயக்கத்தை வடிவமைக்கும் வேலையில் பதின்வயதினரையே சேர்த்துக்கொண்டார்கள். சிகரெட் உயிரைக் குடிக்கும் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். யாருக்கும் அடங்காதவன் என்று காட்டிக்கொள்ளத்தான் அதைப் பிடிக்கிறார்கள். அப்படியானால் அந்த அடங்காமையை, தங்களை ஏமாற்றிப் பணம் பார்க்கும் நிறுவனங்களின் பக்கம் திருப்பிவிடலாமே? ‘ட்ரூத்’ என்ற அந்த இயக்கம் செய்தது இதைத்தான். இரண்டே ஆண்டில் அங்கே நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் சிகரெட் பழக்கம் 18.5 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமாகவும், உயர்நிலைப் பள்ளிகளில் 27.4-லிருந்து 22.6 சதவீதமாகவும் இறங்கியது. 2000-இல் இயக்கம் நாடு முழுவதற்குமானபோது, நியூயார்க்கில் ஒரு பெரிய சிகரெட் நிறுவனத்தின் தலைமையகத்துக்கு முன்னால் பிணம் சுற்றும் பைகள் 1,200-ஐ இளைஞர்கள் கொண்டுவந்து குவித்தார்கள். அந்நாட்டில் புகையிலையால் அப்போது ஒரு நாளில் இறந்தவர்கள் அத்தனை பேர்.

உணவிலும் இந்த வழி பலித்திருக்கிறது. டெக்சாஸில் கிறிஸ்டோபர் பிரையனும் டேவிட் யேகரும் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, குப்பை உணவு நிறுவனங்கள் நாக்கை அடிமையாக்க என்னென்ன செய்கின்றன, சிறு குழந்தைகளை விளம்பரத்தால் எப்படி வளைக்கின்றன என்று காட்டினார்கள். ‘ஒல்லியாக வேண்டும்’, ‘பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும்’ என்ற பேச்சைவிட இது வேலை செய்தது. அடுத்த நாள் பிள்ளைகள் சிப்ஸையும் குளிர்பானத்தையும் தவிர்த்து வேறு தின்பண்டம் எடுப்பது கூடியது. நாற்பது வருடம் கழித்து வரப்போகும் நோய் பதினான்கு வயதுக்கு எட்டாத தூரம். ஏமாற்றப்படுகிறோம் என்பது இன்றைக்கே சுடும்.

எங்கே தவறும்

நண்பர்களைக் கூட்டிவிட்டாலே நல்லது நடந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. 1999-இல் தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், ஃபிரான்சுவா பூலான் மூவரும் வெளியிட்ட கட்டுரை கடுமையான எச்சரிக்கை. சிக்கலான நடத்தை உள்ள பிள்ளைகளை மட்டும் ஒரே குழுவாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தபோது, சில திட்டங்களில் அவர்கள் முன்பைவிட மோசமானார்கள். விதிமீறலைப் பற்றி ஒருவர் பெருமையாகச் சொல்ல, மற்றவர்கள் சிரித்து ரசிக்க, அந்தச் சிரிப்பே பயிற்சியாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளைத் தனியே ஒதுக்காமல் கலந்து வைப்பது அடிப்படை விதி.

எல்லாப் பழக்கமும் ஒரே மாதிரி மசிவதும் இல்லை. ‘அசிஸ்ட்’ முறையைப் பின்பற்றி, 13, 14 வயது மாணவிகளை ஓடியாட வைக்க இங்கிலாந்தில் ‘பிளான்-ஏ’ என்ற திட்டம் வந்தது. சிறிய அளவில் பார்த்தபோது நம்பிக்கை தந்தது. 20 பள்ளிகளுக்கு விரித்தபோது மாணவிகளின் உடலியக்கம் கூடவில்லை. சிகரெட்டை மறுக்க ஒரு ‘வேண்டாம்’ போதும். தினமும் ஓடுவதற்கு மைதானம் வேண்டும், நேரம் வேண்டும், பெண் பிள்ளைகள் கூச்சமில்லாமல் விளையாட இடம் வேண்டும். உலகில் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81% பேருக்குத் தேவையான உடலியக்கம் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கும் பள்ளியில் தோழியின் பேச்சு மட்டும் என்ன செய்யும்? சூழலைச் சரிசெய்யும் பொறுப்பு பெரியவர்களுடையது. அதைப் பிள்ளைகளின் தலையில் கட்டக் கூடாது.

செய்யக்கூடியது

இந்தியாவில் இதற்கு அரசு வழியே இருக்கிறது. 2014 ஜனவரியில் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தில், ஊர்தோறும் பயிற்சி பெற்ற இளையோர் சம வயதினரிடம் சத்துணவு, மனநலம், போதைப் பழக்கம், வன்முறை போன்றவை பற்றிப் பேச வேண்டும் என்று இடம் உண்டு. ஏட்டில் இருப்பது நடப்பில் உயிர் பெற, மேலே பார்த்த ஆய்வுகள் தெளிவான வழி காட்டுகின்றன.

முதலில், பெயரைப் பிள்ளைகளே எழுதட்டும். தலைமையாசிரியருக்குப் பிடித்த ஒரு மாணவரை நிறுத்தி பேட்ஜ் குத்திவிடுவதால் பயனில்லை. அடுத்து, ஒருவர் இருவரோடு நிறுத்தாமல் நாற்பதில் ஆறு பேரையாவது சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நட்பு வட்டத்திலிருந்தும் ஒருவர் வர வேண்டும். பயிற்சியில் தகவலுக்குக் கொடுக்கும் நேரத்தைவிடக் கேட்கவும் பேசவும் பழக அதிக நேரம் கொடுக்க வேண்டும். பலன் தேய்வதால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தோழி ஒருத்தி சாப்பாட்டையே விட்டுவிட்டாள், நண்பன் உயிரை விடுவது பற்றிப் பேசுகிறான் என்றால், அந்தச் சுமையை ஒரு பதின்மூன்று வயதுக்காரர் தனியாகச் சுமக்கக் கூடாது. உடனே ஓடிப்போய்ச் சொல்ல ஒரு பெரியவர் பள்ளியில் இருக்க வேண்டும், யாரிடம் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு தாள், மூன்று கேள்விகள், இரண்டு நாள் பயிற்சி, பொறுமையாகப் பின்னால் நிற்கும் ஒரு பெரியவர். பிள்ளைகள் எழுதும் பட்டியலில் நாம் எதிர்பாராத பெயர்கள் வரும். அந்தப் பெயர்களை நம்புவதுதான் இந்த அறிவியல் நம்மிடம் கேட்கும் கடினமான பகுதி. வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது அதைச் செய்து பார்க்கும் ஒவ்வொரு பள்ளியும், தன் பிள்ளைகளில் சிலரையாவது முதல் சிகரெட்டிலிருந்தும் முதல் புகையிலைப் பொட்டலத்திலிருந்தும் தள்ளி நிறுத்தக்கூடும்.